டேபிள் மெசாவில் தோட்டாக் குப்பை: சல்லடை, காந்தம், தீவனச் சாக்கு

துப்பாக்கி சுடும் இடத்தில் குப்பை வாரப் போகிறோம் என்றால் எல்லோர் கண்ணும் முதலில் போவது சோபா மேல்தான். அப்புறம் சல்லடையாகிப் போன வாஷிங் மெஷின், முகம் சிதறிய டிவி, வீடு மாறும்போது யாரோ கொண்டுவந்து தள்ளிவிட்டு நாலு ரவுண்டு சுட்டுவிட்டுப் போன மெத்தை. இதெல்லாம் நாலு பேர் கை வைத்தால் வண்டி ஏறிவிடும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். அதை எடுத்தபிறகு தரையில் மிஞ்சுவதுதான் வேலை. விரல் நகம் அளவுக் கண்ணாடிச் சில்லு, காலித் தோட்டாவின் பித்தளை உறை, வானில் எறிந்து சுடுகிற ஆரஞ்சு நிறக் களிமண் தட்டின் துண்டு, ஷாட்கன் தோட்டாவிலிருந்து பறந்து விழுந்த பிளாஸ்டிக் கிண்ணம். குனிந்து பொறுக்க ஆரம்பித்தால் ஒரு பாய் விரிக்கிற இடத்துக்கே காலைப் பொழுது சரியாகப் போகும். அதற்கு நாங்கள் என்ன கருவி செய்தோம், எது உதவியது, எது வெட்டிச் செலவு என்பதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதையேதான் கேட்கிறார்கள்.

இடம் அரிசோனா. ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கே போனால், பிளாக் கேன்யன் சிட்டி வருவதற்கு முன்னால் 236ஆம் எக்ஸிட், டேபிள் மெசா ரோடு. இறங்கிக் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து மண் பாதை. சுற்றிலும் சாவாரோ கள்ளி, பாலோ வெர்டே மரம், கிரியோசோட் புதர். நிலம் பி.எல்.எம் என்கிற மத்திய நில மேலாண்மைத் துறையுடையது. நாடு முழுக்க இவர்கள் கையில் ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது, பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில். நம்மூர்ப் புறம்போக்கு மாதிரி என்று சொன்னால் பாதி சரி. யாருடைய பட்டாவும் இல்லை, யாரும் போகலாம், முகாம் போடலாம், மூடிய இடம் என்று அறிவிக்காதவரை குறிவைத்துச் சுடவும் செய்யலாம். டிக்கெட் கிடையாது, மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. கொண்டுவந்த குறியையும் காலித் தோட்டாவையும் திருப்பி எடுத்துப் போக வேண்டும், கண்ணாடியையும் வீட்டுச் சாமானையும் சுடக் கூடாது என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் பலகையிலேயே ஓட்டை இருக்கும்.

ஃபீனிக்ஸைச் சுற்றி பால்டி மவுண்டன், பாக்ஸ் கேன்யன், சர்ச் கேம்ப் ரோடு, நாராமோர் ரோடு, சேடில்பேக் மவுண்டன் என்று ஐந்து இடங்களைத் தேர்ந்து முறையான சுடுகளமாக ஆக்கும் வேலையை பி.எல்.எம் கையில் எடுத்தது. நல்ல யோசனைதான். ஆனாலும் ஆட்கள் பழகிய இடத்தை விடுவதில்லை. பின்னால் மலை இருக்கிற, வண்டி நிறுத்த வசதியான எந்த மூலையும் ஆறு மாதத்தில் சுடுகளமாகிவிடுகிறது.

வேலைக்கு முன் காகித வேலை. இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். முதலில் வரைபடத்தில் நிலம் யாருடையது என்று பாருங்கள். அரிசோனாவில் மாநில அறக்கட்டளை நிலம் என்று ஒரு வகை இருக்கிறது, பார்க்க அதே கள்ளி அதே மண், ஆனால் அது பொது நிலம் அல்ல, அங்கே பொழுதுபோக்குக்குச் சுடுவதற்கே அனுமதி இல்லை. வேலி எதுவும் இல்லாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பி.எல்.எம் நிலம் என்றால் அந்தப் பகுதி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுத் தொண்டர் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 301ஆம் எண் வரிசைப் படிவம். கையெழுத்துப் போட்டு அவர்கள் சொன்ன வேலையைச் செய்யும்போது அடிபட்டால் அரசாங்க ஊழியருக்குக் கிடைக்கிற மருத்துவ ஈடு தொண்டருக்கும் பொருந்தும். கண்ணாடியும் துருப்பிடித்த தகரமும் நிறைந்த இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல. குப்பைத் தொட்டிக்கு யார் காசு கொடுப்பது, பித்தளை விற்ற காசு யாருக்கு என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொள்ள வேண்டும்: எதை எடுக்கக் கூடாது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழையது எதுவும் அமெரிக்க மத்திய நிலத்தில் வரலாற்றுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு. இந்த மலைப் பக்கமெல்லாம் பழைய தங்கச் சுரங்கக்காரர்கள் சுற்றிய இடம். மூடியின் நடுவில் ஈயப் பற்று வைத்து அடைத்த பழைய தகர டப்பா, வெயில் பட்டுப் பட்டு இளம் ஊதாவாக மாறிய கண்ணாடித் துண்டு, இவை கண்ணில் பட்டால் கொடி நட்டுவிட்டு நகர வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் கண்ணாடியில் மாங்கனீஸ் சேர்த்ததால் வருகிற நிறம் அது. முற்காலத்தில் இங்கே வாழ்ந்த ஹோஹோகம் பழங்குடி மக்களின் பானை ஓடும் கிடைக்கலாம். பச்சை பீர் பாட்டிலையும் ஊதாச் சில்லையும் ஒரே சாக்கில் போட்டுவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

சரி, கருவிக்கு வருவோம்.

சல்லடை முழுக்க வீட்டு கராஜில் செய்தது. இரண்டுக்கு நாலு மரச் சட்டம் வாங்கி, இரண்டு அடி அகலம் மூன்று அடி நீளத்தில் இரண்டு சட்டங்கள் அடித்தேன். ஒன்றின் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, மற்றதில் கால் அங்குலக் கண். ஹார்டுவேர் க்ளாத் என்று சுருளாக விற்பார்கள், முயல் கூண்டுக்குப் போடுவது. வலையை ஸ்டேப்ளர் பின் மட்டும் அடித்து விட்டால் இரண்டு தள்ளுவண்டி மண் சலிப்பதற்குள் ஓரம் பிய்ந்து தொங்கும். அதனால் பின் அடித்த இடத்தின் மேல் ஒரு அங்குல மரப் பட்டியை நீளவாக்கில் வைத்து ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகு போட்டேன். வலையின் வெட்டு முனை பட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதால் கையையும் கிழிக்காது. தள்ளுவண்டியின் இரண்டு கைப்பிடி மேல் நீளமாக இரண்டு தண்டவாளக் கட்டை, சல்லடையின் அடியில் நாற்காலிக்குப் போடுகிற சின்னச் சக்கரம் நாலு. மண்ணைக் கொட்டி முன்னும் பின்னும் உருட்டினால் போதும், தூக்கிப் பிடித்துக் குலுக்க வேண்டியதில்லை. தூக்கிக் குலுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தச் சக்கரத்தின் அருமை தெரியும்.

அரை அங்குலத் தட்டு மேலே, கால் அங்குலம் கீழே. மேல் தட்டில் நிற்பது ஷாட்கன் உறை, களிமண் தட்டுத் துண்டு, பெரிய கண்ணாடி, கல். ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டா உறை மேல் கண்ணில் விழுந்து கீழ்த் தட்டில் தங்கும். நீளமான ரைஃபிள் உறை பாதி மேலே, பாதி கீழே, அது படுத்திருக்கிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்பதைப் பொறுத்து. பாயிண்ட் 22 என்கிற பொடி உறைதான் தொல்லை. உடல் கால் அங்குலக் கண்ணுக்குள் நுழைந்துவிடும், விளிம்பு நுழையாது. கொஞ்ச நேரத்தில் வலை முழுக்க ஆணி அடித்த மாதிரி உறைகள் செருகிக்கொண்டு மண் இறங்காமல் நிற்கும். தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து ரப்பர் சுத்தியால் சட்டத்தில் நாலு தட்டுத் தட்டினால் எல்லாம் ஒன்றாக உதிரும். விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள்.

சலிப்பது மேலே உதிரியாகக் கிடக்கிற அரை அங்குல மண்ணை மட்டும். தோண்டக் கூடாது என்று பி.எல்.எம் ஆள் தெளிவாகச் சொல்லியிருந்தார், அது நமக்கும் நல்லது. சுடுபவர் எதிரே இருக்கிற மண் கரைக்குள் புதைந்த குண்டுகளைத் தொண்டர்கள் தொடவே வேண்டாம். ஈயம் மீட்பது தனித் தொழில், அதற்கு இயந்திரமும் உரிமமும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கரை ஓரத்தில் மேலே கிடக்கும் பழைய குண்டுகளைப் பார்த்தால் காரணம் புரியும். சாம்பல் நிறத்துக்கு மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம், நகம் பட்டாலே பொடியாக உதிரும். ஈயம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து கார்பனேட்டாக மாறியது அது. அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது.

ஆகவே காய்ந்த மண்ணைச் சலிப்பதே இல்லை. ஆனால் நனைத்த மண் வலையில் அப்பிக்கொண்டு இறங்காது. குளிர்கால மழை பெய்து ஒரு நாள் வெயில் அடித்த பிறகு போவதுதான் சரியான பதம், மண் உதிரும், தூசி எழும்பாது, அதோடு கழுவி விட்ட பித்தளை வெயிலில் பளபளவென்று தானாகவே காட்டிக்கொடுக்கும். மழை இல்லாத வாரத்தில் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற புதுத் தெளிப்பான் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மேலாகப் பனி மாதிரி அடித்துக் கால் மணி நேரம் விட்டு அள்ளுவோம். சலிக்கிறவருக்கு முகமூடி கட்டாயம், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

இதில் எனக்கு வாத்தியார் ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நண்பனின் அப்பா, மகனோடு இங்கேயே குடியிருக்கிறார். வந்து நின்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, காத்து நல்லா அடிக்குதே, தூத்தி உட்டுட்டா பிளாஸ்டிக்கெல்லாம் தனியாப் போயிருமில்ல?" என்றார்.

"இல்லைங்கப்பா, இதுல ஈயத்தூள் இருக்கு, காத்துல விடக் கூடாது."

"அப்படியா? சரி, அந்தத் தட்டை இப்படிக் குடு."

கால் அங்குலத் தட்டில் நின்ற சரக்கில் பாதி பித்தளை, பாதி சரளை. தூசி ஏற்கெனவே இறங்கிவிட்ட சரக்கு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பெரிய பேக்கிங் தட்டில் கொட்டி, ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, அரிசியில் கல் நாவுகிற அதே மணிக்கட்டு ஆட்டத்தில் ஆட்டினார். உறை உள்ளே காலி என்பதால் அளவுக்குக் கனம் கம்மி, கல் அடியில் இறங்க, பித்தளை எல்லாம் மேலே ஏறி ஒரு ஓரத்தில் சேர்ந்தது. கையுறை போட்ட கையால் ஒரே வழி, வாளியில். நாங்கள் நாலு பேர் பொறுக்கிக்கொண்டிருந்த குவியலை அவர் ஒருவரே முடித்தார். இப்போது அந்தத் தட்டு எங்கள் கருவிப் பெட்டியில் நிரந்தரம், ஆனால் அவர் கைக்கு வருகிற வேகம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

காந்தம் பற்றி. கூரை வேலைக்காரர்கள் ஆணி பொறுக்கத் தள்ளிக்கொண்டு போவார்களே, சக்கரம் வைத்த மூன்று அடி காந்தக் கட்டை, அதுதான். மலிவு ரஷ்யத் தோட்டாக்களில் பலவும் பித்தளை அல்ல, வார்னிஷ் பூசிய இரும்பு உறை. அதெல்லாம் காந்தத்தில் ஒட்டும். குறியை நிறுத்தக் கொண்டுவந்த மரப் பேலட்டை ராத்திரி குளிருக்கு எரித்துவிட்டுப் போவார்கள், சாம்பலுக்குள் அடுத்த வண்டியின் டயருக்காகக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான ஆணிகளுக்கும் காந்தம்தான் வழி. சிக்கல் என்னவென்றால் பாலைவன மண்ணிலேயே இரும்புக் கருமணல் இருக்கிறது, அது காந்தத்தில் தாடி மாதிரி முளைத்துவிடும். கட்டை மேல் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை இறுக்கச் சுற்றிக்கொள்ளுங்கள். நிறைந்ததும் பையை உள்வெளியாகப் புரட்டி இழுத்தால் ஆணி, உறை, மணல் எல்லாம் பைக்குள். நெம்புகோலை இழுத்தால் தானாக உதிரும் என்று விளம்பரம் செய்கிறார்கள், ஆணி உதிரும், மணல் உதிராது.

கம்பிக் கூண்டு உருளை என்று ஒன்று உண்டு, பீக்கன் கொட்டை பொறுக்கச் செய்தது. தரையில் உருட்டினால் கம்பிகளின் நடுவில் உறை நுழைந்து உள்ளே விழும். சிமெண்ட் தரையிலோ புல்லிலோ அருமையாக வேலை செய்யும். டேபிள் மெசா மாதிரி சரளை நிலத்தில் உறைக்கு மூன்று மடங்கு கல்லையும் சேர்த்து விழுங்குகிறது. என் கணக்கில் வெட்டிச் செலவு இதுதான்.

தரையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். நல்ல பித்தளை உறை அங்கே குறைவு. தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் சனி ஞாயிறு வந்து தேடித் தேடி எடுத்துப் போய்விடுகிறார்கள், நல்ல ரைஃபிள் உறைக்கு வெளியில் விலை இருக்கிறது. மிஞ்சுவது மறுபடி நிரப்ப முடியாத ரகம்: இரும்பு, அலுமினியம், பாயிண்ட் 22, பிளாஸ்டிக். ஆகவே பித்தளை விற்றே செலவைத் தேற்றிவிடலாம் என்று திட்டம் போட்டு வராதீர்கள்.

பிளாஸ்டிக் கிண்ணம் சுட்ட இடத்தில் இருக்காது. காற்று போகிற திசையில் இருக்கிற கிரியோசோட் புதர்களின் அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். புதர் புதராக மண்டியிட்டுப் பொறுக்குவதைத் தவிர வழி கண்டுபிடிக்கவில்லை. இது குழந்தைகளைக் கூட்டிவருபவர்களுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பெரிய பையன்களை வண்டி நிறுத்துமிடத்தில் தண்ணீர் கொடுக்கவும் பட்டியல் எழுதவும் வைத்துக்கொள்ளலாம். குறிப் பக்கம் விடக் கூடாது.

களிமண் தட்டு என்ற பெயரை நம்பி அது மண்ணோடு மண்ணாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அதில் களிமண்ணே இல்லை. சுண்ணாம்புக்கல் தூளைப் பெட்ரோலியத் தார் போட்டுப் பிணைத்து அச்சில் வார்ப்பது. கையில் எடுத்து உடைத்தால் உள்ளே கன்னங்கரேல் என்று இருக்கும், வெயிலில் சூடானால் தார் வாடையே வரும். மழையில் உருண்டு ஓடைத் தடத்தில் சேர்ந்து வருஷக்கணக்காக அப்படியே கிடக்கிறது. எங்கள் குப்பையில் எடைக்கு எடை அதிகம் இதுவாகத்தான் இருக்கும்.

கண்ணாடிக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பை உதவாது, எவ்வளவு தடிமன் என்று விற்றாலும் கிழியும், கிழிவது தூக்கும்போதுதான், தொடையோரம். கோழித் தீவனம் வருகிற பின்னல் சாக்குதான் சரி. தீவனக் கடையில் கேட்டால் காலிச் சாக்கு கிடைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள், இரண்டு பேர் காதைப் பிடித்துத் தூக்குங்கள். தோல் கையுறைக்குள்ளே மெல்லிய நைட்ரில் கையுறை. தோல் கையுறை வெட்டுக்கு, நைட்ரில் ஈயத்துக்கு.

பெரிய சாமான்களுக்கு வருகிறேன், ஆனால் கடைசியாக. நாங்கள் சிறியதை முதலில் வாருகிறோம், பெரியதைக் கடைசியில் எடுக்கிறோம், புதிதாக வருகிறவர்கள் இதற்குத்தான் சண்டை போடுவார்கள். சுட்ட டிவியை நகர்த்தினால் பாதிக் கண்ணாடி வழியெல்லாம் உதிரும். சுற்றிலும் வாரிச் சுத்தமாக்கி, தார்ப்பாய் விரித்து, அதன் மேல் டிவியைச் சாய்த்து, தார்ப்பாயோடு மடித்துத் தூக்கினால் உதிர்வதும் பாய்க்குள்ளேயே போகும். பழைய பெட்டி டிவியின் குழாய்க் கண்ணாடியில் கிலோக் கணக்கில் ஈயம் கலந்திருக்கும், தட்டை டிவியின் பின்விளக்கில் பாதரசம் இருக்கலாம். இரண்டும் பொதுக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, மின்னணுக் கழிவு எடுக்கிற இடத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். உடையாத குழாய் கிடைத்தால் அதன் கழுத்துப் பக்கம் கை வைக்காமல், முகத்துக்குக் கவசம் போட்டுக்கொண்டு எடுங்கள். உள்ளே இன்னும் வெற்றிடம் இருக்கும்.

மெத்தை, சோபா புரட்டும்போது உங்கள் பக்க விளிம்பைத் தூக்காதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பில் ஒரு கொக்கி மாட்டி உங்களை நோக்கி இழுத்துப் புரட்டினால், அடியில் ஏதாவது இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் மெத்தை நிற்கும், அது அந்தப் பக்கம் ஓடிவிடும். குளிர்காலத்தில் ராட்டில் பாம்பு என்கிற விஷப் பாம்பு பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும், ஆனால் ஃபீனிக்ஸ் பக்கம் குளிர்காலமே ஒரு வெயில் நாளுக்கு மேல் தாங்காது. எலிக் கூடு இருந்தால் உடனே கலைக்க வேண்டாம். 1993இல் இந்த மாநிலமும் சேர்ந்த நாலு மாநில முனையில்தான் அமெரிக்காவில் நுரையீரலைத் தாக்குகிற ஹாண்டா வைரஸ் நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது, மான் எலியின் எச்சத் தூசியில் பரவுவது. ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற நனைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். ஆமை தென்பட்டால் தூக்கவே தூக்காதீர்கள். பாலைவன ஆமை பயந்தால் சேமித்து வைத்த தண்ணீரையெல்லாம் சிறுநீராக விட்டுவிடும், அடுத்த மழை வரை அதற்கு வேறு தண்ணீர் இல்லை. உடம்பில் ஒட்டிக்கொள்கிற சோய்யா (cholla) கள்ளிக்கு ஒரு சீப்பு. கையால் பிடுங்கினால் கையில் ஒட்டும், சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டுச் சுண்டினால் பறந்துவிடும். மலிவுச் சீப்பு, எல்லோர் பையிலும் ஒன்று.

தொடவே கூடாதவை: ஓட்டை விழுந்த கேஸ் சிலிண்டர் (காலியா இல்லையா என்று பார்வைக்குத் தெரியாது), மூடி போட்ட டிரம், இரண்டு பொடியைக் கலந்து வெடிக்க வைக்கிற குறியின் டப்பா. கொடி நட்டு, இடத்தை ஃபோனில் குறித்துக்கொண்டு, ரேஞ்சரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த வெடிக்கும் குறி ஒன்றுதான் 2017 ஏப்ரலில் டூசானுக்குத் தெற்கே ‘சாமில்’ (Sawmill) என்று பெயரிட்ட காட்டுத் தீயைக் கிளப்பியது, பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்க வைத்தது, ஏறக்குறைய 47,000 ஏக்கர் எரிந்தது. யூட்டாவில் 2012 ஜூனில் சுடப் போனவர்களால் பிடித்த தீக்கு ஆயிரக்கணக்கானோர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. காய்ந்த புல்லுக்குள் கிடக்கிற மெத்தையும் பேலட்டும் அதற்குத் தயாராக வைத்த விறகுதான், அதனால்தான் கோடைக்கு முன்னால் முடித்துவிடப் பார்க்கிறோம்.

சுடாத தோட்டா நிறைய கிடைக்கும். பின்புறத்தில் சின்னக் குழி விழுந்திருந்தால் ஊசி அடித்தும் வெடிக்காதது என்று அர்த்தம், குழி இல்லாவிட்டால் கை தவறி விழுந்தது. இரண்டையும் தனி இரும்புப் பெட்டியில், ஒருவர் மட்டும் பொறுப்பு. ரேஞ்சர் வந்து எடுத்துப்போனார். பழைய உலோகக் கடைக்குப் போகிற வாளியில் ஒன்று கலந்திருந்தாலும் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவார்கள், அதனால் பித்தளையை ஏற்றுவதற்கு முன் மேசையில் பரப்பி இரண்டு பேர் தனித்தனியாக ஒரு முறை பார்ப்பது வழக்கம்.

வேலை நடக்கும்போதே சுடுவதற்கு ஆள் வருவார்கள். நுழைகிற பாதையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, எல்லோருக்கும் ஆரஞ்சு மேற்சட்டை, பலகை. கோபித்துக்கொள்கிறவர்கள் மிகக் குறைவு. எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கேயே சுடுகிறவர்கள்தான், ஜீப் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம், துப்பாக்கியைக் கையில் தொடாத என்னைப் போன்றவர்கள் கொஞ்சம். சுடுகிறவர்களுக்கு இதில் கணக்கு நேரடியானது. டூசான் பக்கத்தில் ஐயன்வுட் ஃபாரஸ்ட் தேசிய நினைவிடம் என்கிற பாதுகாக்கப்பட்ட பி.எல்.எம் நிலத்தில் 2013இல் வந்த திட்டத்தோடு சுடுவதே நின்றுபோனது, அடுத்தது இந்த இடமாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை, சாவாரோக்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அவ்வளவுதான். முதல் கை முளைக்கவே ஐம்பது எழுபது வருஷம் ஆகிற செடியை நின்ற இடத்திலிருந்து சல்லடையாக்குகிறார்கள். 1982இல் லேக் பிளெசன்ட் பக்கம் ஒருவர் ஷாட்கன்னால் சாவாரோவைச் சுட்டுக்கொண்டிருக்க, அதன் கை முறிந்து அவர் மேலேயே விழுந்து அவர் இறந்துபோனார். இந்தக் கதையைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் மதியச் சாப்பாடு நடந்ததில்லை.

சாப்பாடு வண்டி நிறுத்துமிடத்தில் மட்டும், கை கழுவிய பிறகு. வெறும் சோப்பு ஈயத்தை முழுசாக எடுப்பதில்லை, ஈயத்துக்கென்றே துடைப்புத்தாள் விற்கிறார்கள், அதில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மேல் சட்டையையும் ஷூவையும் கழற்றிப் பையில் கட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டு காரில் ஏறுங்கள், வீட்டில் அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். புளிசாதத்தை ஸ்பூனில்தான் சாப்பிட வேண்டுமா என்று ஒரு அக்கா கேட்டார். ஆமாம் அக்கா, அன்றைக்கு மட்டும்.

கடைசியில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று நிரம்பியது, அதில் மெத்தையும் மரமும் களிமண் தட்டும். டிவிகள் தனி டிரெய்லரில். பித்தளை விற்ற காசு அடுத்த தடவைத் தொட்டி வாடகையில் ஒரு பங்கைக் கட்டும், முழுவதும் கட்டாது. சுட்ட இடத்துப் பக்கம் தரை நன்றாக வந்திருக்கிறது. கரை ஓரம் வரவில்லை. அங்கே கண்ணாடி அரிசி நொய் அளவுக்கு உடைந்து கிடக்கிறது, கால் அங்குலக் கண்ணில் மண்ணோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. அதற்கு எட்டில் ஒரு அங்குலக் கண்ணில் மூன்றாவது தட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அந்த அளவில் ஈயத்தூளும் சேர்ந்து நிற்கும் என்பதால், சலித்த மிச்சத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பி.எல்.எம் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் வலை வாங்க வேண்டும், சட்டம் அறுத்தாகிவிட்டது.